வாரிசாக வந்த ஆள், முப்பது வருடம் நின்ற ஆள்: பஞ்ச் சல்ஸ்பெர்கர்

கேள்வி இதுதான்: ஒரு நாளிதழைக் குடும்பமே வைத்து நடத்தும்போது, அதன் வெளியீட்டாளருக்கு உண்மையில் என்ன வேலை? செய்தியைக் கொண்டுவருவது நிருபர், பார்த்துத் திருத்திப் போடுவது ஆசிரியர், ஊர் ஊராக விற்பது ஏஜென்ட். முதலாளி வீட்டுப் பிள்ளை என்பதைத் தவிர அவருக்கு வேறு தகுதி வேண்டுமா?

பொதுவாகப் பேசினால் இதற்குப் பிடி கிடைக்காது. அதனால் ஒரே ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழை 1963 முதல் 1992 வரை நடத்திய ஆர்தர் ஆக்ஸ் சல்ஸ்பெர்கர். எல்லோரும் கூப்பிட்ட பெயர் பஞ்ச். மேலே உள்ள கேள்வியில் இருக்கும் சந்தேகம் அத்தனையும் இவர் மேல் அவர் காலத்திலேயே இருந்தது. வெளியாட்களை விடுங்கள், சொந்த அப்பாவுக்கே இருந்தது.

முதலில் குடும்பம். டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில்லில் சிறுவயதிலேயே அச்சகத்தில் எடுபிடி வேலைக்குப் போன அடால்ஃப் ஆக்ஸ், 1896-இல் திவாலாகும் நிலையில் இருந்த நியூயார்க் டைம்ஸை 75,000 டாலருக்கு வாங்கினார். அதிலும் பெரும்பகுதி கடன். பேப்பர் அப்போது ஒன்பதாயிரம் பிரதிதான் காசுக்கு விற்றுக்கொண்டிருந்தது. விலையை மூன்று சென்ட்டிலிருந்து ஒரு சென்ட்டாகக் குறைத்தார், பரபரப்புச் செய்திகளை ஒதுக்கினார், எழுந்து நின்றார். அவருக்கு ஒரே மகள், இஃபிஜீன். மகள் கையில் பத்திரிகையைக் கொடுப்பது பற்றி அந்தக் காலத்தில் யாரும் யோசிக்கவில்லை. ஆகவே 1935-இல் ஆக்ஸ் இறந்ததும் மருமகன் ஆர்தர் ஹேஸ் சல்ஸ்பெர்கர் வந்தார். அவருக்கு மூன்று பெண்கள், கடைசியாக 1926-இல் ஒரு பையன். அந்தப் பையன்தான் பஞ்ச். மூன்றாவது அக்கா ஜூடித். ஜூடிக்கு ஜோடியாகப் பொம்மலாட்டத்து 'பஞ்ச்' வந்தான் என்று அப்பா வைத்த செல்லப் பெயர் கடைசி வரை ஒட்டிக்கொண்டது.

படிப்பு ஏறவில்லை. பள்ளிக்குப் பள்ளி மாற்றிப் பார்த்தார்கள். பதினெட்டு வயது சுமாருக்கு மரைன் படையில் சேர்ந்து, பிலிப்பைன்ஸ் பக்கம் போர்க்களத்துக்கும் பிறகு ஜப்பானுக்கும் போனார். தன்னை மனிதனாக்கியது அந்தப் படைதான் என்ற எண்ணம் அவருக்குக் கடைசி வரை இருந்தது. திரும்பி வந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். கொரியப் போருக்கு மறுபடி அழைப்பு வந்தது, போனார். அதற்கு அப்புறம்தான் நிருபர் வேலை: மில்வாக்கியில் வேறொரு பத்திரிகையில் ஒரு வருடம், பிறகு டைம்ஸுக்காகப் பாரீஸ், லண்டன், ரோம்.

பாரீஸில் இருந்தபோது நடந்த ஒன்றை அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் விடுவதில்லை. 1955 ஜூனில் லெ மான் கார் பந்தயம் பார்க்கப் போயிருந்தார். ஒரு மெர்சிடிஸ் கார் தடம் மாறிப் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கார் பந்தய வரலாற்றிலேயே மிகக் கொடிய விபத்து. நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஒருவர் அந்த மைதானத்திலேயே இருக்கிறார். அலுவலகத்துக்கு ஒரு போன் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். வேறு யாராக இருந்தாலும் அன்றோடு சீட்டுக் கிழிந்திருக்கும். இவர் முதலாளி மகன் என்பதால் நியூயார்க்குக்குத் திரும்பி, அப்பாவின் உதவியாளர், உதவிப் பொருளாளர் என்று பெயருக்கு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். 1961-இல் அப்பா ஓய்வு பெற்றபோது இவரைத் தொடக்கூட இல்லை. மூத்த மகள் மேரியனின் கணவர் ஆர்வில் டிரைஃபூஸை வெளியீட்டாளர் ஆக்கினார். மாமனாரிடமிருந்து மருமகன், அவரிடமிருந்து மறுபடி மருமகன். பஞ்சுக்கு அப்போது 35 வயது. அதிகபட்சம் மாப்பிள்ளைக்குக் கீழே ஒரு ஓரத்தில் காலத்தை ஓட்டுவார் என்பதுதான் எல்லோருடைய கணக்கும்.

அந்தக் கணக்கைக் கலைத்தது ஒரு வேலைநிறுத்தம். 1962 டிசம்பரில் பெர்ட்ரம் பவர்ஸ் தலைமையில் அச்சுக்கோப்போர் சங்கம் வேலையை நிறுத்தியது. 114 நாள் நியூயார்க்கில் பெரிய பேப்பர்கள் வரவில்லை. அன்று ஏழு பெரிய நாளிதழ்கள் இருந்த ஊரில், அடுத்த நாலைந்து வருடங்களில் மூன்றுதான் மிஞ்சின. டைம்ஸும் நஷ்டத்தில் இருந்தது. வேலைநிறுத்தம் முடிந்து இரண்டு மாதம் ஆவதற்குள், 1963 மே மாதம், டிரைஃபூஸ் ஐம்பது வயதில் இதய நோயால் இறந்தார். பெற்றோர் வேறு ஆட்களையெல்லாம் யோசித்தார்கள். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டு, ஜூன் 20 அன்று வேறு வழியில்லாமல் பஞ்சை அறிவித்தார்கள். வயது 37. அந்தப் பதவிக்கு அதுவரை வந்தவர்களிலேயே இளையவர். முதல் நாள் எப்படிப் போயிற்று என்று அக்கா கேட்டதற்கு, முதல் நிர்வாக முடிவை எடுத்துவிட்டேன், வாந்தி எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன் என்றாராம்.

சரி, இனி கேள்விக்கான பதில். என்ன செய்தார்? என் பார்வையில் அவருடைய தொழில் வாழ்க்கை முழுவதும் மூன்று வேலைகள்தான்: சரியான ஆட்களை உட்கார வைப்பது, அவர்கள் மேல் வெளியிலிருந்து கை விழும்போது நடுவில் நிற்பது, அப்படி நிற்பதற்கான பணத்தைச் சேர்த்து வைப்பது. இதில் எதற்கும் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

நடுவில் நிற்கும் வேலை நாலே மாதத்தில் வந்துவிட்டது. 1963 அக்டோபரில் வெள்ளை மாளிகைக்கு மரியாதை நிமித்தம் போனார். வியட்நாமில் அமெரிக்கா சொல்லும் கதைக்கு மாறாக எழுதிக்கொண்டிருந்த டைம்ஸ் நிருபர் டேவிட் ஹால்பர்ஸ்டாமைப் பற்றி அதிபர் கென்னடி பேச்சை எடுத்தார். அவரை சைகோனிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றக் கூடாதா என்று கேட்டார். எதிரே இருப்பவர் நாட்டின் அதிபர். இவர் பதவியேற்று நாலு மாதமான, அப்பாவே நம்பாத ஆள். மாற்றும் எண்ணம் இல்லை என்று சொல்லிவிட்டார். அதோடு நிற்கவில்லை. ஹால்பர்ஸ்டாம் அந்தச் சமயம் சில நாள் ஓய்வுக்காக சைகோனை விட்டுக் கிளம்புவதாக இருந்தது. அதையும் ரத்து செய்யச் சொன்னார்கள்; அவர் ஊரில் இல்லை என்றால் அதிபர் சொல்லி எடுத்துவிட்டார்கள் என்று ஆகிவிடும் அல்லவா! அடுத்த வருடம் அதே வியட்நாம் செய்திகளுக்காக ஹால்பர்ஸ்டாமுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இதற்கு இரண்டு வருடம் முன்பு, டிரைஃபூஸ் காலத்தில், கியூபா மீது நடக்கவிருந்த படையெடுப்பு பற்றிய செய்தியை டைம்ஸ் நாட்டு நலன் கருதி அடக்கி வாசித்தது. அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிருபர்களின் தரம் அப்போதும் இப்போதும் ஒன்றுதான். மேலே உட்கார்ந்திருந்தவர் மாறியிருந்தார்.

1971 ஜூன் மாதத்துக்கு வருவோம். அவர் பெயர் வரலாற்றில் நிற்பது இதற்காகத்தான். வியட்நாம் போருக்குள் அமெரிக்கா எப்படி இறங்கியது என்று பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா எழுதச் சொன்ன ரகசிய ஆய்வு: 47 தொகுதிகள், சுமார் 7,000 பக்கங்கள். அந்த வேலையில் இருந்த டேனியல் எல்ஸ்பெர்க் வழியாக இதில் பெரும்பகுதி டைம்ஸ் நிருபர் நீல் ஷீஹன் கைக்கு வந்தது. அலுவலகத்தில் வைத்துப் படித்தால் வெளியே கசியும் என்று ஹில்டன் ஹோட்டலில் அறை எடுத்து, ஒரு குழுவே பூட்டிய கதவுக்குள் வாரக்கணக்கில் உட்கார்ந்து எழுதியது.

பஞ்ச் முன்னாள் படைவீரர். 'ரகசியம்' என்று முத்திரை குத்திய அரசுக் காகிதத்தை அச்சில் போடுவது அவர் வளர்ந்த முறைக்கே எதிரானது. குடும்பத்துக்குக் காலங்காலமாக வழக்கு நடத்திய வக்கீல் நிறுவனம் லார்ட் டே அண்ட் லார்ட், இதைப் போடவே கூடாது, சிறைக்குப் போக நேரும் என்றது. நிர்வாகத்தின் பெரிய தலைகளும் தயங்கினார்கள். மறுபக்கம் நிர்வாக ஆசிரியர் ஏப் ரோசென்தால், மூலக் காகிதங்களையும் சேர்த்துத்தான் போட வேண்டும், சுருக்கம் மட்டும் போட்டால் யார் நம்புவார்கள் என்று ஒற்றைக் காலில் நின்றார். மூத்த பத்தி எழுத்தாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு மார்த்தாஸ் வைன்யார்டு தீவில் சொந்தமாக ஒரு சின்னப் பத்திரிகை உண்டு. டைம்ஸ் போடாவிட்டால் நான் அதில் போடுகிறேன் என்றார். நிறுவனத்தின் சொந்த வக்கீல் ஜேம்ஸ் குடேல், சட்டம் நம் பக்கம் நிற்கும் என்றார்.

இத்தனை பேர் பேசி முடித்த பிறகு முடிவு ஒருவரிடம் வந்து நிற்கும். ஆசிரியர் கேட்கலாம், வக்கீல் எச்சரிக்கலாம். ஆனால் பேப்பரே மூடப்பட்டாலும் பரவாயில்லை என்று சொல்லும் உரிமை வேறு யாருக்கும் கிடையாது. போடுங்கள் என்றார் பஞ்ச், காகிதங்களோடு சேர்த்தே. ஜூன் 13, ஞாயிற்றுக்கிழமை, அதிபர் நிக்சன் மகளின் கல்யாணச் செய்திக்குப் பக்கத்திலேயே முதல் பகுதி வந்தது.

திங்கள் இரவு அட்டர்னி ஜெனரல் மிட்செலிடமிருந்து தந்தி: உடனே நிறுத்துங்கள், இது உளவுச் சட்டத்துக்கு விரோதம். மூன்றாம் பகுதி அச்சுக்குப் போகும் நேரம். பஞ்ச் அன்று லண்டனில் இருந்தார், அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. போனில் எழுப்பினார்கள். இன்னும் ஒரு நாள் போடுவதால் நம் மேல் சட்ட ஆபத்து கூடுமா என்று கேட்டார். பெரிதாகக் கூடாது என்றார் குடேல். அப்படியானால் போடுங்கள் என்றார். பழைய வக்கீல் நிறுவனம் வழக்கை எடுக்க மறுத்துக் கழன்றுகொண்டது. விடிவதற்குள் யேல் சட்டப் பேராசிரியர் அலெக்சாண்டர் பிக்கலையும் இளம் வக்கீல் ஃப்ளாய்ட் ஏப்ரம்ஸையும் பிடித்து நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போனார்கள். செவ்வாய்க்கிழமை இடைக்காலத் தடை விழுந்தது. ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று டைம்ஸ் பக்கம் தீர்ப்புச் சொல்லும் வரை அந்தத் தடை நின்றது. இடையில் வாஷிங்டன் போஸ்ட்டும் களத்தில் இறங்கியது. அங்கேயும் முடிவை எடுத்தவர் குடும்பத்து ஆள்தான், கேத்தரின் கிரகாம்.

ஒரு கம்பெனி இயக்குநர் குழுவிடம் இந்த முடிவை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பழைய வக்கீலின் கடிதம் ஒன்றே போதும், கூட்டத்தைத் தள்ளிவைத்திருப்பார்கள். இத்தனைக்கும் டைம்ஸ் அப்போது பங்குச் சந்தைக்கு வந்துவிட்ட கம்பெனி. 1969-இல் பஞ்சே கொண்டுவந்தது. ஆனால் பங்கை இரண்டு வகையாகப் பிரித்திருந்தார்கள். ஏ வகையை யார் வேண்டுமானாலும் சந்தையில் வாங்கலாம், அவர்களுக்கு இயக்குநர்களில் சிறுபான்மையினரைத் தேர்ந்தெடுக்கத்தான் உரிமை. பெரும்பான்மையைத் தேர்ந்தெடுப்பது பி வகை, அது குடும்பத்தின் பெட்டியில். ஊர்ப் பணம் உள்ளே வந்தது, சாவி வெளியே போகவில்லை. பங்குதாரர் ஜனநாயகம் பேசுகிறவர்கள் இந்த ஏற்பாட்டை இன்றும் குறை சொல்வார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆனால் 1971 ஜூனில் லண்டனிலிருந்து ஒரே வார்த்தையில் 'போடுங்கள்' என்று சொல்ல முடிந்ததற்கு இதுதான் அஸ்திவாரம்.

பணம் சேர்க்கும் வேலையில் அவருக்குக் கிடைக்க வேண்டிய பேர் கிடைக்கவில்லை என்பேன். பதவிக்கு வந்த சில மாதங்களிலேயே, நஷ்டத்தில் ஓடிய மேற்குக் கரைப் பதிப்பை மூடினார். தினசரிக்கு ஒரு ராஜ்யம், ஞாயிறு மலருக்கு ஒரு ராஜ்யம் என்று பிரிந்து கிடந்த ஆசிரியர் குழுவை ஒரே தலைமைக்குக் கீழ் கொண்டுவந்தார். புளோரிடாவில் சிறு பத்திரிகைகள், ஒரு குடும்ப இதழ், ஒரு தொலைக்காட்சி நிலையம் என்று வாங்கிப் போட்டு, நியூயார்க்கில் ஒரு வேலைநிறுத்தம் வந்தால் கம்பெனியே படுத்துவிடும் என்ற நிலையை மாற்றினார். 1974-இல் அச்சுக்கோப்போர் சங்கத்தோடு, அதே பவர்ஸோடு, ஒரு பெரிய ஒப்பந்தம் போட்டார்கள். வேலையில் இருக்கும் யாரையும் ஓய்வு பெறும் வரை நீக்குவதில்லை. பதிலுக்குக் கணினியைக் கொண்டுவரலாம். 1978 ஜூலையில் ஈயத்தைக் காய்ச்சி வரிவரியாக வார்த்த லைனோடைப் இயந்திரங்களின் கடைசி இரவு வந்தபோது யாரும் தெருவுக்குப் போகவில்லை. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் குடும்பத்தில் ஒரு உயிரையே கொண்டுபோன சண்டை இப்படி முடிந்தது.

நியூயார்க் நகரமே திவாலாகும் விளிம்பில் இருந்த 1970-களின் நடுவில், விளம்பரமும் வாசகரும் புறநகருக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் வீடு, சமையல், வாரக்கடைசி, விளையாட்டு என்று நாளுக்கு ஒரு இணைப்பு ஆரம்பித்தார்கள். டைம்ஸ் தரம் தாழ்ந்துவிட்டது என்று பழைய வாசகர்கள் குமுறினார்கள். செவ்வாய்க்கிழமைக்கு என்ன போடுவது என்று வந்தபோது, விளம்பரப் பிரிவு ஃபேஷன் கேட்டது, ஏனென்றால் காசு அங்கேதான். ரோசென்தால் அறிவியல் கேட்டார். அறிவியலுக்கு விளம்பரம் தர யார் வருவார்கள்? பஞ்ச் அறிவியலுக்குத் தலையசைத்தார். 1978-இல் வந்த 'சயின்ஸ் டைம்ஸ்' இன்றும் வருகிறது. அவர் இறங்கும்போது தினசரி விற்பனை 7,14,000-லிருந்து 11 லட்சம் ஆகியிருந்தது. கம்பெனியின் ஆண்டு வருவாய் 10 கோடி டாலரிலிருந்து 170 கோடி.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் அது புகழ்மாலையாகிவிடும். பெண்களுக்குச் சம்பளத்திலும் பதவியிலும் ஓரவஞ்சனை என்று டைம்ஸின் பெண் ஊழியர்கள் 1974-இல் வழக்குப் போட்டார்கள். பாட்டன் காலத்தில் சொந்த மகளுக்கே இடம் தராத வீடு அது. அந்தப் பழக்கம் செய்தி அறையிலும் ஊறியிருந்தது. 1978-இல் சமரசமாகப் போய், பெண்களுக்குப் பதவி உயர்வுத் திட்டம் ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். யாரும் வழக்குப் போடாமலே செய்திருக்க வேண்டிய காரியம். பெண்கள் பெயருக்கு முன்னால் திருமணத்தைச் சுட்டாத 'மிஸ்' (Ms.) என்று போடவே 1986 வரை ஆயிற்று.

இன்னொன்று தலையங்கப் பக்கம். அதன் ஆசிரியர் ஜான் ஓக்ஸ், பஞ்சின் அம்மாவுக்குச் சித்தப்பா மகன். நம் முறைப்படி மாமா. 1976-இல் செனட் வேட்பாளர் தேர்தலில், ஓக்ஸ் விடுமுறையில் இருந்தபோது, பெல்லா ஆப்சக்கை விட்டு மொய்னிஹனை ஆதரித்துத் தலையங்கம் வர வைத்தார் பஞ்ச். மறுத்து எழுத ஓக்ஸ் இடம் கேட்டார். கிடைத்தது வாசகர் கடிதப் பகுதியில் சில வரிகள். மொய்னிஹன் மிகக் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தார். தலையங்கம் வெளியீட்டாளரின் குரல் என்பது அந்தப் பத்திரிகையில் ஏற்கப்பட்ட மரபுதான். ஆனாலும் பல வருடம் அந்தப் பக்கத்தைத் தாங்கியவரை அப்படி நடத்தியிருக்க வேண்டாம். செய்தியில் கை வைக்காத அதே மனிதர் தலையங்கத்தில் கை வைத்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் முழுதாகத் தெரிவார்.

வாரிசு விஷயத்தில் அப்பா செய்ததை இவர் செய்யவில்லை. அம்மா இஃபிஜீனின் காலத்துக்குப் பிறகு பங்குகள் நாலு பிள்ளைகள் வழியாகச் சிதறிவிடும் என்பது தெரிந்த விஷயம். தாத்தா போட்ட அறக்கட்டளை அம்மாவோடு முடிகிறது. அதனால் அவர் உயிரோடு இருக்கும்போதே, 1986-இல், நாலு பேரும் உட்கார்ந்து ஒரு குடும்ப ஒப்பந்தம் எழுதினார்கள். பி வகைப் பங்கை யாராவது விற்க நினைத்தால் முதலில் குடும்பத்துக்குள், இல்லாவிட்டால் கம்பெனிக்கு. வெளியாளுக்குப் போனால் அது சாதாரண ஏ வகையாக மாறிவிடும். பிங்காம் போல அமெரிக்காவின் மற்ற பத்திரிகைக் குடும்பங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, ஒன்றுவிட்ட உறவுகளின் மனக்கசப்பில் பேப்பரை விற்றுவிட்டுப் போன காலம் அது. இந்த வீட்டில் மூன்று அக்காக்களும் தம்பியோடு கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் யாரும் நியூயார்க் டைம்ஸின் வெளியீட்டாளர் நாற்காலியில் உட்காரவில்லை. ஆனால் அவர்கள் அன்று இணங்கியிருக்காவிட்டால் மேலே சொன்ன எதுவும் நிலைத்திருக்காது.

மகன் ஆர்தர் ஜூனியரை வேறு ஊர்ப் பத்திரிகையிலும் செய்தி நிறுவனத்திலும் நிருபராக வேலை பார்க்க விட்டு, டைம்ஸிலும் செய்தி, விளம்பரம், அச்சு என்று ஒவ்வொரு பிரிவாகச் சுற்ற வைத்து, 1992 ஜனவரியில் வெளியீட்டாளர் பொறுப்பைக் கொடுத்தார். 1997 வரை கம்பெனித் தலைவராக மட்டும் இருந்தார். அந்தக் கடைசிக் கட்டத்தில் 110 கோடி டாலருக்கு வாங்கிய பாஸ்டன் குளோப் நாளிதழ், இருபது வருடம் கழித்து வெறும் 7 கோடிக்குக் கைமாறியது. இணையம் விளம்பரத்தைத் தின்றுவிடும் என்று 1993-இல் பத்திரிகை முதலாளிகள் யாரும் கணக்குப் போடவில்லை, இவரும் போடவில்லை. அந்த விற்பனைக்கு முந்தைய வருடம், 2012 செப்டம்பர் 29 அன்று, லாங் ஐலண்டில் 86 வயதில் காலமானார். 2018 ஜனவரியிலிருந்து வெளியீட்டாளர் அவருடைய பேரன் ஏ. ஜி. சல்ஸ்பெர்கர். அந்தப் பொறுப்புக்குக் குடும்பத்தின் அதே தலைமுறையிலிருந்து மூன்று பேர் போட்டியில் இருந்தார்கள். மூவருமே டைம்ஸுக்குள் வேலை பார்த்தவர்கள். பார்த்துத் தேர்ந்தெடுத்ததும் குடும்பத்தாரும் நிர்வாகிகளும் இருந்த ஒரு குழு.